பத்தை மனசில் வை, அப்புறம் பூநாரையைப் பார்!

காலை ஆறு மணி. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் டீ கிளாஸைப் பிடித்திருக்கிற கை நடுங்குகிறது. குளிர் இல்லை, ஆசை! இத்தனை வருஷம் பழவேற்காட்டுப் பூநாரைகளை வேடிக்கை பார்த்தாயிற்று. இன்றைக்கு எண்ணணும். குழுவில் ஒரு தம்பி, சிப்காட் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து குதித்து நேராக எங்கள் வேனில் ஏறிக்கொண்டான். நைட் ஷிப்ட் முடித்த கண்ணில் தூக்கமே இல்லை. நீலச் சட்டையைக் கழற்றி, பையிலிருந்து காக்கி எடுத்துப் போட்டான். பறவை எண்ணப் போகிறவர்கள் பளிச்சென்று உடுத்தக் கூடாதாம்.

அண்ணாமலைச்சேரியில் படகு. எஞ்சின் கிடையாது, கழிதான். தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை. சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. தமிழ்நாட்டுப் பக்கம் 1980லேயே பறவைகள் சரணாலயம். படகோட்டி அண்ணன் தூரத்து வெள்ளைக் கோட்டைக் காட்டி, "கழுத்து நிமிந்துச்சுன்னா நின்னுடணும்மா. அதுக்கு மேல போனா அத்தினியும் கிளம்பிடும்" என்றார். அன்றைக்குப் படித்த முதல் பாடம் அதுதான். அப்படிக் கிளப்பிவிட்டால் பறவைக்கு மேய்ச்சல் போச்சு, நமக்குக் கணக்கு போச்சு.

இனி வித்தை! டெலஸ்கோப்பில் பத்து பூநாரையை ஒண்ணொண்ணாக எண்ணணும். அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதிய வைக்கணும். அதை வைத்து நூறு, நூறை வைத்துக் கூட்டம். நான் 300 என்றேன். வழிகாட்டி அக்கா சிரித்துவிட்டு, பத்துப் பத்தாக எண்ணிக் காட்டினார்: 460! புதுக்கண் பெரும்பாலும் குறைத்துத்தான் பார்க்குமாம். சாம்பல் நிற இளம்பறவைகளுக்குப் படிவத்தில் தனிப் பத்தி. அவை எத்தனை என்று தெரிந்தால்தான் இனப்பெருக்கம் எப்படி நடந்தது என்று புரியும்.

சகதியில் இறங்கினால் இன்னோர் அதிசயம்: வட்ட வட்டமாகக் குழிகள், நடுவில் மேடு. பூநாரை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கி, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சல்லடை போல அரித்துத் தின்ற தடம்! பக்கத்திலேயே இருளர் அக்காமார்கள், ஓலைப் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தண்ணீருக்கடியில் இறால் துழாவுகிறார்கள். ஒரே சேறு, இரண்டு குடும்பத்துக்குச் சோறு. ஏரியின் முகத்துவாரம் மணலில் அடைபட்டால் இருவருக்குமே பட்டினி. காட்டுயிர்ப் பாதுகாப்பு என்று ஆயிரம் பக்கம் படித்தாலும் இது இப்படி உறைத்திருக்காது.

நாங்கள் செய்கிற இந்த ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987ல் இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கி, ஆசியா முழுக்கப் பரவியது. தென்னாப்பிரிக்காவிலும் 1992லிருந்து தன்னார்வலர்கள் இதே மாதிரி நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். அங்கே கிம்பர்லி என்கிற வைரச் சுரங்க ஊரை ஒட்டி கேம்ஃபர்ஸ் டேம் என்று ஒரு நீர்நிலை. சிறு பூநாரைகளுக்காக 2006ல் அதற்குள் ஒரு தீவே கட்டினார்கள்; அவையும் வந்து குஞ்சு பொரித்தன! 2019 ஜனவரியில் தண்ணீர் வற்றி, தவித்த குஞ்சுகளை ஆயிரத்துக்கும் மேலே அள்ளி எடுத்து, விமானத்தில் அனுப்பிக் கையால் ஊட்டி வளர்த்தார்கள். தொழிலூரின் ஓரத்தில் அது நடக்கும் என்றால், கும்மிடிப்பூண்டி ஓரத்தில் ஏன் நடக்காது? தம்பியிடம் சொன்னேன். "இங்க தீவு கட்ட வேணாம்க்கா, இருக்கற தண்ணிய விட்டு வச்சா போதும்" என்றான்.

பத்து மணிக்குப் படிவத்தில் பெரிய பூநாரைக்கு நேரே மொத்தத்தைப் போட்டு, அக்கா பேனாவை மூடினார். வடக்கே வானத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு நெளிந்தது; நெளிந்து நெளிந்து நீண்டது. "இருங்க, இருங்க!" என்று தம்பி படகிலேயே எழுந்து நின்று, பத்து, இருபது, முப்பது என்று ஆரம்பித்துவிட்டான்.