பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

மாலை நேரத்தில் லயத்து வாசலில் நாலு பெண்கள் கூடினால் போதும், பேச்சு பள்ளிக்கூடத்தில் வந்து நிற்கும். "சின்னவனை எங்கே சேர்க்கப் போறீங்க அக்கா?" என்று ஒருத்தி கேட்பாள். "தமிழ்ப்பள்ளிதான்" என்பார் ஒருவர். "அங்கே போட்டா மலாய் வராதே" என்பார் இன்னொருவர். "கடனை வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்த்துடுங்க" என்று மூன்றாமவர் யோசனை சொல்வார். கடைசியில் குழப்பம்தான் மிச்சம்.

நானும் அப்படிக் குழம்பி நின்றவள்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போகிறார்களே என்று மூத்த மகனைப் பட்டணத்துத் தேசியப் பள்ளியில் சேர்த்தோம். விடியற்காலை ஐந்தரைக்கே வேன் வந்துவிடும். பாதித் தூக்கத்தில் ஏறுவான். வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழி கேட்டறியாத பிள்ளை. ஆசிரியர் கேட்பது புரியாமல் பல மாதங்கள் வாய் திறக்காமலே இருந்திருக்கிறான். "அமைதியான மாணவன்" என்று மதிப்பறிக்கையில் எழுதியிருந்ததைக் கண்டு நாங்கள் மகிழ்ந்துபோனோம்! அவனுக்கு இன்னும் சரியாக வாசிக்க வரவில்லை என்பது மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது.

பயந்துபோய், இளைய மகளைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தோம். சிரித்துக்கொண்டே போனாள். இரண்டாம் ஆண்டிலேயே கதைப்புத்தகம் வாசித்தாள். ஆனால் தேசிய மொழியை நாங்கள் கவனிக்கவில்லை. ஆறாம் ஆண்டு முடிந்ததும், முதலாம் படிவத்துக்குப் போகாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டியதாயிற்று.

இரண்டு பள்ளியையும் நான் குறை சொல்லவில்லை. எந்தப் பள்ளியானாலும் தானாகவே பிள்ளையைக் கரை சேர்த்துவிடாது என்பதை நாங்கள் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டோம். நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

தமிழ்ப்பள்ளி

1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கம் என்பார்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணம் போனபின், இன்று ஐந்நூற்றுச் சொச்சமே எஞ்சியுள்ளன.

"தமிழ்ப்பள்ளியில் பாடம் குறைவு" என்பது தவறான எண்ணம். தேசியப் பள்ளிக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் அரசாங்கப் பாடத்திட்டம் ஒன்றுதான். பயிற்று மொழிதான் வேறு. மலாயும் ஆங்கிலமும் அங்கேயும் கட்டாயப் பாடங்கள். சிறிய பள்ளி என்றும் தயங்க வேண்டாம். வகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தால், பின்தங்கும் பிள்ளை ஆசிரியர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் மலாய்மொழிக்கு முதலாம் ஆண்டிலிருந்தே வீட்டில் நேரம் ஒதுக்குங்கள்.

தேசியப் பள்ளி

பிள்ளைக்கு மலாய் ஓரளவு பழக்கமிருந்தால் இங்கே சிரமமிராது. பழக்கமில்லையென்றால் பாலர் வகுப்பிலேயே பழக்குங்கள். தமிழ் போய்விடுமே என்று கவலைப்படுகிறவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வகை செய்யப்பட வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. கேட்காமல் இருந்தால் யார் தருவார்? நாலு வீடு ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்குங்கள்.

சீனப்பள்ளி

நம் பிள்ளைகள் சிலர் அங்கும் படித்து முன்னேறியிருக்கிறார்கள். ஆனால் வீட்டுப்பாடம் சொல்லித் தர உங்கள் வீட்டில் ஆள் உண்டா? இல்லையென்றால் டியூஷனுக்கு வழி உண்டா? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்தபின் முடிவு செய்யுங்கள்.

தனியார் பள்ளி

இங்கே முதலில் பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுங்கள். மாதம் 600 வெள்ளி கட்டணம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 7,200. ஆறு ஆண்டுக்கு 43,200 வெள்ளி. சீருடை, புத்தகம், வேன் செலவு தனி. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு பிள்ளைக்கே போய்விடும். அடுத்த பிள்ளைக்கு என்ன செய்வீர்கள்? பாதியில் நிறுத்திப் பள்ளி மாற்றினால் பிள்ளையின் மனம்தான் ஒடியும்.

நேரில் போய்ப் பாருங்கள்

முன்பெல்லாம் "யுபிஎஸ்ஆரில் எத்தனை பேர் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தார்கள்?" என்று கேட்டே பள்ளியை எடைபோட்டோம். 2021இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். ஆகவே ஒரு நாள் விடுப்பெடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். தலைமையாசிரியரைப் பார்த்து இவற்றைக் கேளுங்கள்:

வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தனிக் கவனிப்பு உண்டா? கணிதமும் அறிவியலும் எந்த மொழியில் நடக்கின்றன? (இருமொழித் திட்டத்தில் உள்ள பள்ளிகளில் அவை ஆங்கிலத்தில் நடக்கும்.) கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். வேன் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்கு வீடு சேர்க்கும் என்று விசாரியுங்கள். "எங்கள் படிப்பு குறைவு, எப்படிக் கேட்பது?" என்று கூச்சப்பட வேண்டாம். உங்கள் பிள்ளைக்காகக் கேட்க உங்களைவிட உரிமையுள்ளவர் யார்?

2003 முதல் ஆறாண்டுத் தொடக்கக் கல்வி நம் நாட்டில் கட்டாயம். அனுப்புவதோடு நம் கடமை முடிந்துவிடாது. எந்தப் பள்ளியில் சேர்த்தாலும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் மூடிவையுங்கள். பிள்ளையை அருகில் உட்காரவைத்து, அன்று படித்ததை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அந்த மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தடுமாறுகிறானா, தெளிவாகப் படிக்கிறானா என்பது தாயின் காதுக்குத் தெரியும்.

நான் என் மூத்தவனை அப்படி உட்காரவைத்துக் கேட்டிருந்தால், மூன்று ஆண்டுகள் வீணாகியிருக்காது.