3 லட்சத்துல முதல் கார்: ஓட்ட ஜாலியாவும் இருக்கணும், சேமிப்பும் கரையக்கூடாது

"ப்ரோ, கையில 3 லட்சம் இருக்கு, மாசம் 45,000 சம்பளம், ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கலாமா?" இந்தக் கேள்வி நம்ம சேனலுக்கு வாரா வாரம் வருது. வீடியோவுல பத்து நிமிஷத்துல சொன்னதை இங்க கணக்கோட விரிவா எழுதியிருக்கேன். வண்டி பார்க்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க.

முதல்லயே சொல்லிடுறேன். கார் ஒரு முதலீடு கிடையாது, செலவு. ஆனா எல்லாச் செலவும் தப்பில்ல. மழைக்கு நனையாம அம்மா அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கும், சனிக்கிழமை காலையில நண்பர்களோட ஏற்காடு கிளம்புறதுக்கும் ஒரு மதிப்பு இருக்கு. அதுக்கு எவ்வளவு கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும், அவ்வளவுதான்.

புதுசு வேணாம், பழசு ஏன்?

இன்சூரன்ஸ் கம்பெனிகள் வண்டியோட மதிப்பை ஐ.டி.வி.னு கணக்குப் போடும். அதுக்கு ஒரு தேய்மான அட்டவணை இருக்கு. 6 மாசம் வரைக்கும் 5%, ஒரு வருஷம் வரை 15%, 2 வருஷம் வரை 20%, 3 வரை 30%, 4 வரை 40%, 5 வருஷம் வரை 50%. அதாவது முதல் ஓனர் 5 வருஷத்துல பாதி மதிப்பை இழந்துடுறார். அவர் கட்டின ரோடு டாக்ஸ் தனி. அந்த நஷ்டத்தை அவர் ஏத்துக்கிட்ட பிறகு நீங்க உள்ள போறீங்க. செகண்ட் ஹேண்ட் வண்டியோட லாபம் இதுதான்.

இன்னொரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28%-லேருந்து 18% ஆச்சு. புதுசு விலை இறங்கினா பழசு விலையும் இறங்கணும். "போன வருஷம் இந்த ரேட்டுக்குத்தான் சார் வித்தோம்"னு யாராவது சொன்னா, புது வண்டியோட இன்னைய விலையை போன்ல எடுத்துக் காட்டிப் பேரம் பேசுங்க.

3 லட்சம் இருந்தா, 2.4 லட்சத்துக்குத்தான் வண்டி

நிறைய பேர் பண்ற தப்பு இது. 3 லட்சம் இருந்தா 3 லட்சத்துக்கே வண்டி பார்ப்பாங்க. அடுத்த வாரமே டயர், பேட்டரி, பேர் மாத்துறது, இன்சூரன்ஸ்னு வரிசையா செலவு வரும். அப்போ கிரெடிட் கார்டுதான். அதனால ஐந்துல ஒரு பங்கை, அதாவது 60,000-ஐ முதல்லயே ஒதுக்கி வச்சிடுங்க. வண்டி வாங்கினதும் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் பேட் எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்திடுங்க. முன்னாடி ஓட்டினவர் எப்போ மாத்தினார்ங்கிற குழப்பமே இருக்காது.

இந்த 3 லட்சம், உங்க அவசரத் தேவைக்கான பணம் போக மிச்சம் இருக்கிறதா இருக்கணும். ஆறு மாசச் செலவுக்கான பணம் தனியா இல்லன்னா, இந்தக் கட்டுரையை புக்மார்க் பண்ணிட்டு அடுத்த வருஷம் வாங்க. நான் சீரியஸாத்தான் சொல்றேன்.

மாசம் எவ்வளவு ஆகும்?

மாசம் 400 கிலோமீட்டர் ஓட்டுறீங்க, லிட்டருக்கு 15 கிடைக்குது, பெட்ரோல் 101 ரூபாய்னு வச்சுக்குவோம்.

- பெட்ரோல்: சுமார் 2,700
- இன்சூரன்ஸ் (வருஷம் 9,000 வீதம்): 750
- சர்வீஸ், ரிப்பேர் (வருஷம் 24,000 வீதம்): 2,000
- தேய்மானம் (2.4 லட்சத்துக்கு வாங்கி 4 வருஷம் கழிச்சு 1.5 லட்சத்துக்கு வித்தா): 1,875

மொத்தம் 7,300 ரூபாய்க்குப் பக்கம். 45,000 சம்பளத்துல 16%. சமாளிக்கலாம்.

இதே வண்டியை 2 லட்சம் லோன் போட்டு வாங்கினா? பழைய வண்டிக்கு வட்டி எப்பவும் புது வண்டியை விட அதிகம். 14% வட்டி, 3 வருஷம்னா ஈ.எம்.ஐ. 6,836 ரூபாய். வட்டியா மட்டும் 46,000 போகும். கையை விட்டுப் போற காசு மாசம் 12,000-ஐத் தாண்டும், சம்பளத்துல 27%. "லோன் போட்டா டாக்ஸ்ல குறையுமா சார்?"னு கேக்குறவங்களுக்கு: சம்பளக்காரர் சொந்த உபயோகத்துக்கு வாங்குற பெட்ரோல் காருக்கு எந்தக் கழிவும் கிடையாது. அதனால முதல் காரை முழுப் பணம் கொடுத்து வாங்குங்க. முடியலன்னா இன்னும் சின்ன வண்டி வாங்குங்க.

எந்த வண்டி?

டீசல் ஆசை வேணாம். பழைய டீசல் வண்டி விலை கவர்ச்சியா இருக்கும். ஆனா மாசம் 400 கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு மைலேஜ்ல மிச்சமாகிற காசு ஒரு இன்ஜெக்டர் வேலையிலயே போயிடும். பெட்ரோல், மேனுவல் கியர், 7 முதல் 10 வயசு. இதுதான் உங்க ஏரியா. 13, 14 வயசு வண்டி இன்னும் மலிவா கிடைக்கும். ஆனா சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம்தான். அதுக்கப்புறம் எஃப்.சி. காட்டி 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். அந்தச் செலவும் அலைச்சலும் உங்க தலையில வரும்.

ஸ்விஃப்ட்: ஓட்ட ஜாலி, எந்த ஊர்லயும் மெக்கானிக் உண்டு. அதனாலயே விலை இறங்காது. உங்க பட்ஜெட்ல நல்ல ஸ்விஃப்ட் கிடைக்கிறது கஷ்டம்.

ரிட்ஸ்: ஸ்விஃப்ட்ல இருக்கிற அதே 1.2 லிட்டர் கே-சீரிஸ் பெட்ரோல் இன்ஜின். பின்பக்கம் பார்க்க ஒரு மாதிரி இருக்கும்னு பலருக்குப் பிடிக்கல. அதனால விலை குறைவு. உயரமான சீட், பெரியவங்க ஏறி இறங்க சுலபம். என்னைக் கேட்டா இந்த லிஸ்ட்ல காசுக்கு அதிகம் தர்றது இதுதான்.

ஹோண்டா பிரியோ: சின்ன உடம்புல 88 பி.எஸ். பவர். சிட்டியில சர்ருனு போகும். குறை என்னன்னா டிக்கி 175 லிட்டர்தான். ரெண்டு பை வச்சா நிறைஞ்சிடும்.

ஐ10 (1.2 கப்பா இன்ஜின்): லேசான ஸ்டியரிங், லேசான கிளட்ச். புதுசா ஓட்டக் கத்துக்கிட்டவங்களுக்கு நல்ல வண்டி.

ஃபிகோ: வளைவுல இதை ஓட்டின சுகம் இந்த விலையில வேற எதுலயும் வராது. ஆனா ஃபோர்டு இந்தியாவுல உற்பத்தியை நிறுத்தப்போறதா 2021 செப்டம்பர்ல அறிவிச்சதுக்கப்புறம் மறுவிற்பனை விலை அடிவாங்கிடுச்சு. பக்கத்துல ஃபோர்டு தெரிஞ்ச மெக்கானிக் இருந்தா மட்டும் வாங்குங்க.

போலோவுல டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் மலிவா வந்தா கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க. ஓட்ட பிரமாதம். ஆனா கியர்பாக்ஸ்ல வேலை வந்தா உங்க 60,000 ரிசர்வ் தாங்காது.

எதை வாங்கினாலும் ஏர்பேக், ஏ.பி.எஸ். இருக்கிற வேரியன்ட்டா பாருங்க. முன் சீட் ரெண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது 2021-லதான். அதுக்கு முந்தின அடிப்படை மாடல் பலதுல அது இருக்காது. 2014-ல குளோபல் என்கேப் டெஸ்ட் பண்ணப்போ, ஏர்பேக் இல்லாத போலோவுக்கு பூஜ்ஜியம் ஸ்டார், ஏர்பேக் இருந்த போலோவுக்கு 4 ஸ்டார். வித்தியாசம் அவ்வளவு. மியூசிக் சிஸ்டத்தை நாளைக்குக்கூட மாட்டிக்கலாம், ஏர்பேக்கை அப்புறம் மாட்ட முடியாது.

வண்டியை எப்படிப் பார்க்கிறது?

1. காலையில போங்க. இன்ஜின் சூடாகுறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும். நீங்க வர்றதுக்கு முன்னாடியே வண்டி சூடா இருந்தா ஏன்னு கேளுங்க.

2. டயர் ஓரத்துல கடைசி நாலு எண்ணைப் படிங்க. 2319-னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருந்தாலும் ஆறு வயசுக்கு மேலன்னா நாலு டயர் செலவை விலையில கழிக்கச் சொல்லுங்க.

3. சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. சேத்துக் கறை இருந்தா வெள்ளத்துல நின்ன வண்டி. சென்னையில 2015 டிசம்பர் வெள்ளத்துலயும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் மூழ்கின வண்டிகள் பாலிஷ் போட்டுக்கிட்டு வெளியூருக்கு வந்திருக்கலாம். ஸ்டெப்னி இருக்கிற குழியையும், கார்ப்பெட்டுக்கு அடியிலயும் பாருங்க.

4. மீட்டர் 40,000 காட்டுது, ஆனா பெடல் ரப்பர் தேஞ்சு, ஸ்டியரிங் வழவழன்னு இருக்கா? மீட்டரை நம்பாதீங்க. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்க.

5. உங்க மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. ஆயிரம், ரெண்டாயிரம் கொடுத்தாலும் தப்பில்ல. விக்கிறவர் கூட்டிட்டு வர்ற மெக்கானிக் வேணாம்.

பேப்பர்: நான் மாட்டிக்கிட்ட இடம்

என் முதல் காரை 2016-ல ஒரு கார் கன்சல்டிங் மூலமா வித்தேன். ஃபார்ம் 29, ஃபார்ம் 30-ல வாங்குறவர் பேரை எழுதாமலே கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. "ஒரு வாரத்துல பேர் மாத்திடுவோம் சார்"னாங்க. பணம் கைக்கு வந்த சந்தோஷத்துல வந்துட்டேன். ஒன்றரை வருஷம் கழிச்சு, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துலேருந்து வீட்டுக்கு நோட்டீஸ். அந்தக் கார் ஒரு பைக்கை இடிச்சு, ஓட்டினவருக்குக் கால் முறிஞ்சிருக்கு. வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்ல. ஆர்.சி.யில பேர் என்னோடது. நோட்டீஸை முதல்ல பிரிச்சுப் படிச்சது அப்பா. அவர் முகத்தை இன்னும் மறக்கல. கடைசியில வண்டி வாங்கினவரைக் கண்டுபிடிச்சு, அவர் பணம் கொடுக்க ஒத்துக்கிட்டார். எனக்கு வக்கீல் செலவு மட்டும் 40,000. மத்தவங்களுக்கு "படிச்சுப் பார்த்துக் கையெழுத்து போடுங்க"னு சொல்றதே தொழிலா இருக்கிற ஆள், நிரப்பாத ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருந்தேன்.

சட்டம் இதுல தெளிவா இருக்கு. ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், பொறுப்பும் அவருக்குத்தான்னு உச்ச நீதிமன்றம் 2018-ல சொல்லிடுச்சு. வாங்குற உங்களுக்கும் இது முக்கியம். பேர் மாத்தாம ஓட்டினா, வண்டி சேதமானதுக்கு கிளெய்ம் போடும்போது "பாலிசி உங்க பேர்ல இல்லையே"னு கையை விரிச்சிடுவாங்க. அதனால:

- பரிவாகன் தளத்துல வண்டி நம்பரைப் போட்டு ஆர்.சி., இன்சூரன்ஸ், லோன் பாக்கி, அபராதம் எல்லாத்தையும் அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடியே பாருங்க.
- ஆர்.சி.யில ஹைப்பாதிகேஷன் இருந்தா, பேங்க் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் கைக்கு வராம முழுப் பணம் கொடுக்காதீங்க.
- வாங்கினவர் 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாள்தான். விக்கிறவரோட நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவர் கூடவே போயிடும்.
- பாண்டிச்சேரி, கர்நாடகா நம்பர் மலிவா இருந்தா, இங்க மறுபதிவுக்குக் கட்ட வேண்டிய ரோடு டாக்ஸையும் கூட்டிப் பாருங்க. பெரும்பாலும் அந்த மலிவு அதுலயே போயிடும்.
- டீலர்கிட்ட வாங்கினா அங்கீகாரச் சான்று இருக்கான்னு கேளுங்க. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்களுக்குன்னு தனி விதியே இருக்கு.
- பணத்தை பேங்க் மூலமா மட்டும் கொடுங்க. ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கினவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரலாம். "கேஷா கொடுத்தா 10,000 குறைக்கிறேன்"னு சொல்றவர்கிட்ட இதை மெதுவா எடுத்துச் சொல்லுங்க. உங்களுக்கும் பணம் கொடுத்ததுக்கு ஆதாரம் வேணும்.

கடைசியா

வண்டி பார்க்கப் போற அன்னைக்கு பேங்க் கார்டை வீட்டுலயே வச்சிட்டுப் போங்க. "இன்னொருத்தர் சாயங்காலம் அட்வான்ஸோட வர்றார்"னு சொல்லாத ஆளே இந்தத் தொழில்ல கிடையாது. வரட்டும். உங்க மெக்கானிக் பார்த்து, நீங்க பேப்பர் பார்த்து, ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகும் அந்த வண்டி வேணும்னு தோணினா வாங்குங்க. அதுக்குள்ள அது போயிடுச்சுன்னா வேற வண்டி வரும்.

நீங்க எந்த வண்டி பார்த்து வச்சிருக்கீங்க, என்ன விலை சொல்றாங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க. வண்டி நம்பர் மட்டும் போட வேணாம். அடுத்த வீடியோவுல அதுல மூணு வண்டியை எடுத்து, இதே மாதிரி கணக்குப் போட்டுப் பார்ப்போம்.