சோஸ்மாவில் கைதானால் என்ன நடக்கும்? குடும்பத்தார் தெரிந்திருக்க வேண்டியவை

"பையனை சோஸ்மாவில் பிடித்துவிட்டார்கள்" என்ற செய்தி வந்ததும் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எப்போது ஜாமீன் கிடைக்கும்?" என்பதுதான். அந்தச் சட்டத்தில் பெரும்பாலோருக்கு ஜாமீனே இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை.

1960-ஆம் ஆண்டின் இசா சட்டத்தில், உள்துறை அமைச்சர் கையெழுத்திட்டால் விசாரணையே இன்றி ஒருவரை ஈராண்டு அடைத்து வைக்கலாம். அதை நீட்டிக்கவும் முடியும். 2007 டிசம்பரில் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐவர் அப்படித்தான் கமுந்திங்கிற்கு அனுப்பப்பட்டார்கள். இசா ஒழிக்கப்பட்டு, 2012 ஜூலை 31-இல் சோஸ்மா அமலுக்கு வந்தது. அரசியல் நம்பிக்கைக்காக மட்டுமே யாரையும் கைது செய்யக்கூடாது, வழக்கு நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்பவை இதில் உள்ள நல்ல மாற்றங்கள்.

28 நாள் தடுப்புக் காவல்

சாதாரண வழக்கில் 24 மணி நேரத்துக்கு மேல் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் அனுமதி தேவை. சோஸ்மாவில் உயர் போலீஸ் அதிகாரியே 28 நாள் வரை நீட்டிக்கலாம். குடும்பத்துக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். ஆனால் வழக்கறிஞரைச் சந்திப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம்.

இந்த 28 நாள் பிரிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் புதுப்பிக்க வேண்டும். 2022 மார்ச்சில் மக்களவை அதை 86–84 என்ற வாக்குகளில் நிராகரித்தது. அதே ஆண்டு ஜூலையில் மீண்டும் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள்.

ஜாமீன்

13-ஆவது பிரிவு ஜாமீனைத் தடுக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள், பெண்கள், நோயாளிகள் ஆகியோருக்கு மட்டும், பயங்கரவாதம் அல்லாத வழக்குகளில் விலக்கு உண்டு. குண்டர் கும்பல் வழக்குகளும் சோஸ்மாவுக்குள் வருவதால், நம் இளைஞர்களின் குடும்பங்களையும் இது நேரடியாகத் தொடுகிறது.

2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு எனக் கூறி, இரு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 பேர் கைதானார்கள். அவ்வழக்கில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், 13-ஆவது பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று நவம்பரில் தீர்ப்பளித்தது. எல்லா நீதிபதிகளும் அதை ஏற்கவில்லை. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் மீட்டுக்கொண்டார். ஆனால் அதற்குள் அவர்கள் பல மாதங்களைக் கம்பிக்குப் பின்னால் கழித்திருந்தார்கள்.

கைதானவர் குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அதுவரை சம்பளம் நின்ற வீட்டில் வாடகையும் பள்ளிச் செலவும் காத்திருப்பதில்லை. ஜாமீன் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்யும் உரிமையாவது நீதிபதிக்கு வேண்டும் என்று கேட்பது அதனால்தான்.

உடனே செய்ய வேண்டியது

கைதான நேரம், இடம், எந்தச் சட்டம், விசாரணை அதிகாரியின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். நோய் இருந்தால் மருத்துவ ஆவணங்களை எடுத்து வையுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால், உங்கள் மாநிலத்தில் உள்ள வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடுங்கள்.