கடற்காற்றுக்கு ஒரு பொதுக் கணக்கு

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து, சங்கரன்கோவில் கரிசலில் புழுதி கிளப்பிப் பாயும் மேல்காற்று மின்சாரமாகும் என்பது இப்பக்கத்துச் சிறுவர்களுக்கும் தெரியும். ஆனால், தேசமெங்கும் காற்றின் வேகத்தையும் திசையையும் ஆண்டுக்கணக்கில் குறித்துத் தொகுத்த பெருமுயற்சி ஒன்று அதற்கு ஆதாரமாக நின்றது என்பதும், அதை முன்னின்று நடத்தியவர் பீர்மேட்டில் பிறந்த வானிலை விஞ்ஞானி அன்னா மாணி என்பதும் பலர் அறியாதவை.

அதே உழைப்பை இப்போது சமுத்திரம் கேட்கிறது. தமிழகக் கடலில் மட்டும் சுமார் 35,000 மெகாவாட் காற்று மின்சாரம் கிடைக்கலாம் என்பது மத்திய சர்க்காரின் மதிப்பு. 2015-ல் இதற்கெனத் தேசியக் கொள்கை வகுத்தார்கள். 2024 ஜூனில், குஜராத்திலும் தமிழகத்திலும் தலா 500 மெகாவாட் கடற்காற்றாலைகள் அமைக்க 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்துக்கு இசைந்தார்கள். டென்மார்க் 1991-லேயே சாதித்த காரியம் இங்கே தாமதிப்பதற்குப் பணம் மட்டுமே காரணமன்று. நம் கடலைப் பற்றிய ஞானம் போதாமையும் ஒரு காரணமே.

2017-ல் குஜராத்தின் காம்பே வளைகுடாவில் சிறு மேடையொன்றின் மீது வைக்கப்பட்ட லைடார் கருவி, லேசர் கதிரை மேல்நோக்கிச் செலுத்தி, காற்றில் மிதக்கும் நுண்துகள்களில் பட்டுத் திரும்பும் ஒளியின் அலைவெண் மாறுவதைக் கொண்டு, உயரத்திற்கேற்ப வேகத்தைக் கணித்தது. நல்ல ஆரம்பந்தான். ஆயினும் காற்று தெரிந்தால் போதுமா? ஓரிடத்துக் கடலடிக்கு ஏற்ற அஸ்திவாரம் தமிழகத்தின் மன்னார் வளைகுடாவுக்கும் பொருந்தும் என்று சோதியாமல் சொல்ல இயலாது. அங்கோ 21 தீவுகளும், பவளப் பாறைகளும், கடற்பசுக்களும், தலைமுறை தலைமுறையாய் வலை வீசும் ஜனங்களும் இருக்கிறார்கள்.

காற்றை ஆராயும் தேசிய ஸ்தாபனமும் கடல் தொழில்நுட்பத்தை ஆராயும் தேசிய ஸ்தாபனமும் சென்னைப் பள்ளிக்கரணையிலேயே இருக்கின்றன. மீன்வள ஆராய்ச்சிக்குத் தூத்துக்குடியில் நிலையம் உண்டு. பிரிட்டனில் 2008 முதல், தம்முள் போட்டியிடும் கடற்காற்றாலைக் கம்பெனிகளே செலவைப் பகிர்ந்து பொது ஆராய்ச்சி நடத்துகின்றன. சர்க்காரின் ஸ்தாபனங்கள் நம்மிடையே அவ்வாறு இணைவது அதனினும் சுலபமாகவே இருக்க வேண்டும். காற்று, அலை, மண், மீன், பறவை ஆகிய யாவும் ஒரே திட்டத்தில் அளக்கப்பட்டு, எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். நீரோட்டமும் மீன் வரத்தும் அறிந்த தூத்துக்குடி, இராமேசுவரம் மீனவர்களுக்கு அத்திட்டத்தை நடத்தும் சபையில் ஆசனம் வேண்டும். மன்னார் வளைகுடாவில் முதல் அஸ்திவாரம் இறங்குமுன்னரே இதைத் தொடங்கும்படி மத்திய, மாநில சர்க்கார்களை வேண்டிக்கொள்கிறோம்.