துணி மூட்டையோடு தேயிலைத் தோட்டத்துக்குள் புகுந்தவர்! கண்டிக்குப் போன கூலிகளுக்கு சங்கம் கண்ட நடேச அய்யர்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் உள்பட தென்மாவட்ட கிராமங்களில் இலங்கையை 'கண்டி' என்றே சொல்வார்கள். மழை பொய்த்தால், "குடும்பத்தோட கண்டிக்குப் போயிட்டாங்க" என்பது அந்தக் காலத்துப் பேச்சு.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா 1910 முதல் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டமும் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் போன்ற மாவட்டங்களும் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கொடுத்தன. ஆள் சேர்த்தவர் கங்காணி. பெரும்பாலும் சொந்தக்காரர் அல்லது பக்கத்து ஊர்க்காரர். கையில் கொஞ்சம் முன்பணம் கொடுத்து, மண்டபம் கேம்ப் வழியாக கப்பல் ஏற்றி விடுவார்.

சிக்கல் அங்கேதான் தொடங்கும். முன்பணம், பயணச் செலவு எல்லாம் தொழிலாளி தலையில் கடனாக ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமா? கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். அதாவது கடனோடு சேர்ந்து ஆளும் கை மாறினான்! எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ, அத்தனை பேருக்கும் கங்காணிக்கு தினமும் தலைக்காசு வேறு. சொந்தக்காரரே என்றாலும் அவர் யார் பக்கம் நிற்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த நிலையில்தான் வந்து சேர்ந்தார் கோ.நடேச அய்யர். 1887-ல் பிறந்த தஞ்சாவூர்க்காரர். பத்திரிகை நடத்தியவர். 1919-ல் வியாபாரிகள் சங்க விழாவுக்காக கொழும்பு போனவர், தோட்டத் தொழிலாளர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டார். ஆனால் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு பாயும். என்ன செய்தார்? துணி வியாபாரி போல மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். லயத்து வாசலில் விலை பேசுகிற சாக்கில் அத்தனையையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, சிறு புத்தகமாகவும் வெளியிட்டார்.

1921-ல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. 1927-ல் குறைந்தபட்ச கூலிச் சட்டம் வந்தது. அதிலும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. கொழும்பில் ஏ.ஈ.குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் நடேச அய்யர் துணைத் தலைவராக இருந்தார். குணசிங்கா இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிராகத் திரும்பவே, 1920-களின் கடைசியில் இருவரும் பிரிந்தனர். அதன் பிறகு மலையகமே அவருக்கு களம்.

1931-ல் அகில இலங்கை இந்திய தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் உருவானது. தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே வந்த முதல் சங்கம் இதுதான். அப்போது தேயிலை விலை சரிந்து, துரைமார்கள் கூலியில் கை வைத்த நேரம். உள்ளே கூட்டம் போட முடியாது என்பதால் அட்டன் போன்ற ஊர்களில் தொழிலாளர்களை வரவழைத்தார். இதில் மனைவி மீனாட்சி அம்மாள் பங்கு பெரிது. எழுதப் படிக்கத் தெரியாத ஜனத்துக்கு நோட்டீஸ் கொடுத்து என்ன பயன்? அவர் தானே பாட்டு எழுதி, கூட்டத்தில் பாடியே விஷயத்தைச் சொன்னார்.

1936-ல் அட்டன் தொகுதியில் ஜெயித்து அரசாங்க சபைக்குப் போனார் அய்யர். 1939-ல் நேரு வந்து இலங்கை இந்திய காங்கிரஸ் உருவான பிறகு செல்வாக்கு குறையத் தொடங்கியது. 1940-ல்தான் துரைமார் சங்கம் தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டது. 1947 தேர்தலில் அய்யர் தோற்றார். அதே ஆண்டு நவம்பரில் காலமானார்.

மறு வருடமே, 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம், அவர் சங்கம் சேர்த்த ஜனங்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. ஓட்டும் போனது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. பிறகு வந்து இறங்கியவர்களில் பலர் தங்க வைக்கப்பட்டது, தாத்தாக்கள் கப்பல் ஏறிப்போன அதே மண்டபம் கேம்ப்பில்.