பணியிட வழிகாட்டல் திட்டம்

பணியிட வழிகாட்டல் திட்டம் என்பது, ஒரு நிறுவனத்தில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவரை அங்கே நெடுநாள் வேலை பார்த்துவரும் ஒருவரோடு குறிப்பிட்ட காலத்துக்கு இணைத்து, வேலையின் நுட்பத்தையும் வேலையிடத்தின் நடைமுறையையும் கற்றுக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு ஆகும். மென்டரிங் என்ற ஆங்கிலச் சொல்லும் தமிழில் அப்படியே வழங்குகிறது. ஹோமரின் ஒடிசி காவியத்தில், போருக்குச் செல்லும் ஒடிசியஸ் தன் மகனை ஒப்படைத்துச் செல்லும் நண்பரின் பெயர் மென்டர். அப்பெயரே பின்னாளில் வழிகாட்டி என்ற பொருளைப் பெற்றது.

பெயர் புதிதாக இருந்தாலும் வழக்கம் புதிதன்று. கொத்தனாரிடம் கையாளாகச் சேர்ந்து கரண்டி பிடிக்கக் கற்றவர்களும், ஆசாரியின் பட்டறையில் இழைப்புளி தள்ளிப் பழகியவர்களும் இந்த முறையில்தான் தொழில் கற்றார்கள். வேறுபாடு ஒன்று உண்டு. பட்டறையில் கற்பது தானாக நடந்தது. பெரிய நிறுவனத்தில் ஷிப்ட், இடமாறுதல், பதவி அடுக்கு ஆகியவை மூத்தவரையும் புதியவரையும் பிரித்துவைக்கின்றன. ஆகவே அங்கே அதை வேலையளிப்பவர் திட்டமிட்டு ஏற்படுத்த வேண்டியிருக்கிறது.

லோயர் கேம்ப் நீர்மின் நிலையம்: ஓர் எடுத்துக்காட்டு

இத்தகைய திட்டம் ஏன் தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, தேனி மாவட்டத்தின் லோயர் கேம்ப் போன்ற ஓர் இடத்தின் வேலைமுறையைப் பார்ப்பது உதவும். கூடலூருக்கு மேற்கே, குமுளி மலைப்பாதை தொடங்கும் அடிவாரத்தில் உள்ள இவ்வூரைப் பலரும் பென்னிகுவிக் மணிமண்டபத்தை வைத்து அறிவார்கள். அம்மண்டபம் 2013இல் திறக்கப்பட்டது. ஊரின் மற்றோர் அடையாளம் பெரியாறு நீர்மின் நிலையம். முல்லைப் பெரியாறு அணையின் நீர் தேக்கடியிலிருந்து சுரங்கப்பாதை வழியாகத் தமிழகப் பக்கம் வந்து, மலைச்சரிவில் பதித்த நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்கி இங்குள்ள டர்பைன்களைச் சுழற்றுகிறது. 1950களின் இறுதியில் உற்பத்தியைத் தொடங்கிய இந்நிலையத்தில் தலா 35 மெகாவாட் திறனுடைய நான்கு இயந்திரங்கள் நிறுவப்பட்டன. பின்னர் மூன்று இயந்திரங்கள் 42 மெகாவாட்டாகத் தரம் உயர்த்தப்பட்டதால் மொத்தத் திறன் 140இலிருந்து 161 மெகாவாட் ஆயிற்று.

இங்கே மின் உற்பத்தியின் அளவை நிர்ணயிப்பது அணையிலிருந்து பாசனத்துக்கும் குடிநீருக்கும் திறக்கப்படும் நீர். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் சாகுபடிக்கு, அணையில் நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 1 அன்று நீர் திறப்பது வழக்கம். திறக்கும் அளவு கூடினால் எல்லா இயந்திரங்களும் ஓடும். குறைந்தால் ஒன்றோ இரண்டோ ஓடும். நின்றால் நிலையமே அமைதியாகிவிடும். நீர்மின் நிலையங்களில் பெரும் பராமரிப்பு வேலைகள் நீர் வராத மாதங்களுக்கே ஒதுக்கப்படும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் தெரிகிறது. இத்தகைய நிலையத்தில் மழைக்காலத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் பயிற்சி பெறுபவர் ஓடும் இயந்திரத்தை மட்டுமே பார்த்திருப்பார். கோடையில் சேர்ந்தவர் பிரித்துப் போட்ட இயந்திரத்தை மட்டுமே பார்த்திருப்பார். இரண்டு பேருமே பாதி வேலைதான் கற்றவர்கள். வழிகாட்டல் எத்தனை மாதம் நடக்க வேண்டும் என்பதை அந்த வேலை ஒரு சுற்று முடிய எவ்வளவு காலம் ஆகும் என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். நீர்மின் நிலையத்துக்கு அது ஓராண்டு. அதே பள்ளத்தாக்கில் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைத் தோட்டத்துக்கு, கவாத்து வெட்டியதிலிருந்து பழம் பறிக்கும் வரை ஏறக்குறைய நான்கு மாதம். எல்லாத் துறைக்கும் ஆறு மாதம் என்று அச்சிட்டுத் தரும் மாதிரித் திட்டங்கள் இதைக் கவனிப்பதில்லை.

எந்த அறிவு கைமாற வேண்டும்

திட்டத்தின் முதல் வேலை இணைகளைச் சேர்ப்பது என்று பல நிறுவனங்கள் நினைக்கின்றன. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இங்கே ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை எது?

தாங்கியின் சூடு அளவுமானியில் ஏறுவதற்கு முன்பே சத்தத்தில் தெரியும் மாற்றம், மழை வலுத்தால் எந்தக் கம்பிவலையில் சருகு அடைக்கும், பழைய வால்வை எத்தனை சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது என்பன போன்றவை பெரும்பாலும் கையேட்டில் இருப்பதில்லை. மைக்கேல் பொலானி என்ற அறிஞர், மனிதர்கள் தாங்கள் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருக்கிறார்கள் என்பதை 1960களில் விரிவாக எழுதினார். இந்த வகை அறிவு, உரியவர் ஓய்வு பெறும் நாளில் அவரோடு வாசலைக் கடந்து போய்விடும். தமிழ்நாடு அரசுப் பணியாளர்களின் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. அதனால் ஓய்வு தள்ளிப்போனதே தவிர நின்றுவிடவில்லை. 2015இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலை, நிறுவனம் தன் செயல்பாட்டுக்குத் தேவையான அறிவை அடையாளம் கண்டு பேண வேண்டும் என்பதைத் தனி விதியாகவே சேர்த்தது.

அடுத்த மூன்றாண்டுகளில் ஓய்வு பெறுவோரின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரும் விடுப்பில் போனால் எந்த வேலை தடுமாறுகிறது என்று குறித்தாலே போதும். அந்தக் குறிப்புதான் புதியவர்கள் கற்க வேண்டிய பாடத்திட்டம்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்தல்

திறமைசாலி எல்லாரும் நல்ல வழிகாட்டி ஆவதில்லை. புதியவர் திணறும்போது கருவியைப் பிடுங்கித் தானே முடித்துவிடும் மூத்தவரிடம் வேலை முடியும், கற்றல் நடக்காது. விருப்பமுள்ளவரையே கேட்டுச் சேர்ப்பது நல்லது.

புதியவரின் ஆண்டு மதிப்பீட்டை எழுதும் அதிகாரி அவருக்கு வழிகாட்டியாக இருக்கக்கூடாது என்பதே பெரும்பாலான திட்டங்களின் முதல் விதி. தமிழகப் பணியிடங்களில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. ‘சார்’ என்று அழைக்கப்படுபவரிடம் ‘புரியவில்லை’ என்று சொல்ல இளைஞர் தயங்குவார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். ‘அண்ணே’, ‘அக்கா’ என்று கூப்பிடக்கூடிய தொலைவில் இருப்பவரிடம் அதே கேள்வி எளிதில் வெளியே வரும். ஒரு படி அல்லது இரண்டு படி மூத்த, வேறு பிரிவு அதிகாரியின் கீழ் உள்ள ஒருவர் பொருத்தமாக இருப்பார்.

இணைகளை அவரவர் விருப்பத்துக்கே விட்டுவிட்டால் ஊர்க்காரர் ஊர்க்காரரோடும், சொந்தக்காரர் சொந்தக்காரரோடும் சேர்வது நடக்கும். சாதி அதில் சொல்லாமலே நுழையும். அதன் விளைவாக, அங்கே யாரையும் தெரியாமல் முதல் தலைமுறையாக வேலைக்கு வந்தவர் தனித்து விடப்படுவார். வழிகாட்டல் மிகவும் தேவைப்படுவது அவருக்குத்தான். எனவே இணைகளை நிறுவனமே வேலைத் தேவையை வைத்து அறிவிக்க வேண்டும். ஒத்துவராத இணையை யார் மீதும் பழி போடாமல் மாற்றிக்கொள்ளவும் வழி வைக்க வேண்டும்.

பெண் பணியாளர்களுக்கு மற்றொரு பாதுகாப்பும் தேவை. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பயிற்சியாளரையும் தொழில் பழகுநரையும் பணியாளர் என்றே வரையறுக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். குழு உறுப்பினர்கள் யார் என்பதைப் புதியவருக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

நேரம்

வழிகாட்டல் திட்டங்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். தொடக்க விழா நடக்கும், இணைப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஏறும், மூத்தவரின் வேலைச் சுமை மட்டும் குறையாது. தன் வேலையை முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் கற்றுக்கொடுக்கச் சொன்னால், மிச்ச நேரம் என்று ஒன்று இருப்பதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் 50 வாரத்தில் 100 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளில் இது பன்னிரண்டரை நாள். ஒரு மூத்த பணியாளரின் பன்னிரண்டரை நாள் உழைப்புதான் ஓர் இணைக்கு ஆகும் உண்மையான செலவு. அச்சிட்ட கையேடும் சான்றிதழும் சிறு தொகை. அந்த நாட்களை விட்டுக்கொடுக்க முடியாத நிறுவனம் திட்டத்தை அறிவிக்காமல் இருப்பதே நேர்மை.

ஷிப்ட் முறையில் இயங்கும் இடங்களில் இணையின் இருவரும் ஒரே ஷிப்டில் வர வேண்டும். மூத்தவர் இரவிலும் புதியவர் காலையிலும் வந்தால், பொறுப்பு ஒப்படைக்கும் பத்து நிமிடத்தில்தான் சந்திப்பார்கள். பணிப் பட்டியல் தயாரிப்பவரைக் கலக்காமல் மனிதவளப் பிரிவு மட்டும் உட்கார்ந்து திட்டம் வகுப்பதால் வரும் கோளாறு இது.

கற்பிக்கும் முறையும் பாதுகாப்பும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அனுபவமில்லாத பெருந்திரளான தொழிலாளர்களை விரைவாகப் பழக்க அமெரிக்காவில் நான்கு படிகள் கொண்ட முறை வகுக்கப்பட்டது. முதலில் கற்பவரைத் தயார்ப்படுத்துவது. அடுத்து வேலையைச் செய்து காட்டி விளக்குவது. பிறகு அவரையே செய்யவிட்டுப் பார்ப்பது. கடைசியில் தனியே விட்டு அவ்வப்போது வந்து கவனிப்பது. போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் இம்முறையை விரிவாகக் கைக்கொண்டன. மூன்றாம் படியில், ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறோம் என்று கற்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதே இதன் சிறப்பு. கை செய்வதை மட்டும் பார்த்தால், பழக்கத்தில் செய்கிறாரா புரிந்து செய்கிறாரா என்று தெரியாது.

மூத்தவரிடமிருந்து திறமை மட்டும் கைமாறுவதில்லை. தவறான குறுக்குவழியும் கைமாறும். கையுறை இல்லாமல் இருபது வருடம் வேலை பார்த்தவர் அதையே துணிச்சலாகக் கற்றுக்கொடுத்துவிடக் கூடும். மின்சார வேலையில் இதற்கு விலை உயிர். ஆகவே ஆபத்தான வேலைகளில் பாதுகாப்பு விதிகளை முதலில் தனியாக, எழுத்து வடிவில் கற்பித்துவிட்டு அதன் பிறகே வழிகாட்டியிடம் அனுப்ப வேண்டும். மின்தடை செய்து பெறும் லைன் கிளியர் அனுமதிக்குப் பதிலாக, ‘நான் பார்த்துட்டேன், ஏறு’ என்ற வாய்ச்சொல் ஒருபோதும் ஆகாது. அப்படிச் சொல்லப்பட்டால் மறுக்கும் உரிமை புதியவருக்கு உண்டு என்பதை வழிகாட்டி இருக்கும்போதே இருவருக்கும் சொல்ல வேண்டும்.

சட்டமும் பெயரின் துஷ்பிரயோகமும்

வழிகாட்டல் திட்டம் சட்டப்படி கட்டாயமில்லை. தொழில் பழகுநர் பயிற்சி அப்படியன்று. 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டமும் 2019இல் திருத்தப்பட்ட விதிகளும், 30 அல்லது அதற்கு மேல் பணியாளர்கள் உள்ள நிறுவனம் தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்கின்றன. பயிற்சி முடிந்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்பது 2014 திருத்தம். பழகுநர்களை எடுக்கும் நிறுவனம் அவர்களுக்கு வழிகாட்டிகளையும் நியமித்தால், கட்டாயம் பயனுள்ளதாக மாறும்.

பயிற்சி என்ற பெயர் ஏமாற்றுக்கும் பயன்பட்டிருக்கிறது. மேற்குத் தமிழகத்தின் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களைப் பயிற்சியாளர்களாக மூன்றாண்டு அமர்த்தி, குறைந்த கூலி கொடுத்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன முறை கடும் கண்டனத்துக்கு உள்ளானது. என்ன கற்பிக்கப்படும், எப்போது முடியும், முடிந்தபின் என்ன ஊதியம் என்ற மூன்றும் எழுத்தில் இல்லாத திட்டத்தைப் பயிற்சி என்று அழைக்க முடியாது.

மாறாக, நன்றாக நடந்துவரும் ஒன்றும் தென்தமிழகத்திலேயே உண்டு. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைப் பள்ளிப்படிப்பு முடிந்ததும் சேர்த்து இரண்டாண்டு பயிற்சி அளித்துக் கண் மருத்துவ உதவியாளர்களாக ஆக்குகிறது. மூத்தவர்களின் அருகிலிருந்தே அவர்கள் பெரும்பாலும் கற்கிறார்கள். 1985இல் இதன் கிளை தேனியிலும் தொடங்கப்பட்டது.

முடிவும் மதிப்பீடும்

எத்தனை சந்திப்பு நடந்தது என்று எண்ணுவது எளிது. அதனால் எதுவும் தெரியாது. தொடக்கத்தில் எழுதிய வேலைப் பட்டியலில் எவற்றைப் புதியவர் தனியே செய்கிறார், ஓராண்டுக்குள் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், விபத்தாகாமல் தப்பிய நிகழ்வுகள் முன்பைவிட அதிகம் சொல்லப்படுகின்றனவா என்பவையே கேட்க வேண்டியவை. கடைசிக் கேள்வியில் எண்ணிக்கை கூடுவது நல்ல அறிகுறி. மறைத்தவர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது அதன் பொருள்.

வழிகாட்டல் உறவுகளை 1980களில் ஆராய்ந்த கேத்தி கிராம், அவை தொடங்கி, வளர்ந்து, பிரிந்து, பிறகு வேறு உறவாக மாறுகின்றன என்று கண்டார். பிரிவும் உறவின் ஒரு கட்டம் என்பதால் முடியும் தேதியை முதலிலேயே குறித்துவிடலாம். அதற்குள் பாடம் எதிர்த்திசையிலும் நடந்திருக்கும். 1999இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச், மூத்த அதிகாரிகள் இணையத்தை இளையவர்களிடம் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார். கணினித் திரையில் இயந்திரத்தைக் கண்காணிக்கும் முறை புகுந்த எந்தப் பழைய நிலையத்திலும், மூத்தவர் சத்தத்தைக் கேட்கக் கற்றுக்கொடுக்க, இளையவர் திரையைப் படிக்கக் கற்றுக்கொடுக்கலாம்.

நீர்மின் நிலையம் போன்ற இடத்தில் கடைசித் தேர்வை அடுத்த நீர் திறப்பின்போது வைக்கலாம். நிறுத்திவைத்த இயந்திரத்தைப் புதியவர் தொடக்கத்திலிருந்து இயக்கிக் காட்டுவார். வழிகாட்டி அடுத்த அறையில் இருப்பார். கூப்பிட்டால் மட்டும் வருவார்.