உலாவியின் புத்தகக்குறிகளைப் பேணும் முறை

பெங்களூரில், இந்தியப் புள்ளியியல் நிலையத்தைச் சார்ந்து, ஆவண ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் இயங்கி வருகிறது. 1962-ல் அதனைத் தோற்றுவித்தவர் நூலக விஞ்ஞானப் பேரறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் ஆவார். 1892-ல் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக விளங்கி, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், 1931-ல் ஐந்து நூலக விதிகளை வெளியிட்டார். வாசகருடைய நேரம் வீணாகலாகாது என்பது அவற்றுள் நான்காவது விதியின் கருத்து.

இன்று கிராமப் பள்ளி ஆசிரியருக்கும் விரிவாக்க அலுவலருக்கும் இணையமே பெரும்பாலும் நூலகமாக அமைந்துள்ளது. பயனுள்ள பக்கங்களை அவர்கள் உலாவியில் புத்தகக்குறி இட்டுச் சேர்த்து வைக்கின்றனர். கணினி பழுதுற்றாலோ, அலுவலர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டாலோ, பல்லாண்டுச் சேகரிப்பு ஒரே நாளில் மறைந்துவிடக்கூடும். இதனைத் தவிர்க்கும் வழிகளை ஈண்டுக் காண்போம்.

புத்தகக்குறி என்பது யாது?

1993-ல் வெளிவந்த மொசைக் உலாவியில் இவ்வசதி வேறு பெயருடன் இருந்தது. பின்னர் நெட்ஸ்கேப் உலாவியின் வாயிலாகப் புத்தகக்குறி என்னும் பெயர் பரவிற்று. பக்கத்தின் தலைப்பும் முகவரியும் மட்டுமே இதில் பதிவாகின்றன; பக்கம் பதிவாவதில்லை. நூலகத்தின் அட்டவணைச் சீட்டுக்கு இதனை ஒப்பிடலாம். அலமாரியிலிருந்து நூல் அகற்றப்பட்டுவிட்டால் சீட்டினால் பயனில்லை அன்றோ? 2013-ல் இருந்த இணையப் பக்கங்களுள் நூற்றுக்கு 38 பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை என அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி மையம் 2024-ல் தெரிவித்தது. ஆகவே, இன்றியமையாத பக்கங்களைப் பி.டி.எஃப். கோப்பாகவும் சேமித்துக்கொள்ளுதல் நலம்.

வகைப்படுத்துதல்

ரங்கநாதன் 1933-ல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து நோக்குவது. அவ்வழியைப் பின்பற்றி, ‘நெல், குலைநோய், கட்டுப்பாடு, தஞ்சை, 2024’ என்றவாறு குறிக்குத் தலைப்பிடலாம். இவற்றுள் எந்தச் சொல்லைக் கொண்டு தேடினும் குறி கிட்டும். ஆசிரியர்கள் வகுப்பு, பாடம், அலகு என்னும் வரிசையில் கோப்புறைகளை அமைக்கலாம். நூலகம் வளரும் உயிர் போன்றது என்பது ஐந்தாவது விதி. இச்சேகரிப்பும் அத்தகையதே, ஆதலின் பயனற்ற குறிகளை அவ்வப்போது களைதல் வேண்டும்.

பிரதி எடுத்தல்

விண்டோஸ் கணினியில், குரோம், பயர்பாக்ஸ் ஆகிய இரு உலாவிகளிலும் கண்ட்ரோல், ஷிப்ட், ஓ ஆகிய விசைகளை ஒருங்கே அழுத்தினால் புத்தகக்குறிப் பட்டியல் திறக்கும். குரோமில் மேற்புறத்து மூன்று புள்ளிகளையும், பயர்பாக்ஸில் ‘இம்போர்ட் அண்ட் பேக்கப்’ என்பதையும் சொடுக்கி, ‘எக்ஸ்போர்ட்’ கட்டளையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். கிடைக்கும் எச்.டி.எம்.எல். கோப்பைப் பெரும்பாலான உலாவிகள் ஏற்கும். கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து, பென்டிரைவில் ஒரு பிரதியும் வேறோரிடத்தில் மற்றொரு பிரதியும் வைத்தல் நன்று. பயர்பாக்ஸ் தானாகவும் பிரதி எடுக்கிறது. ஆயினும் அது அதே கணினியிலேயே தங்குவதால், வட்டு கெடும்பொழுது அதுவும் உடன் அழியும்.

கணக்கின் வாயிலாகப் பல கருவிகளை ஒத்திசைப்பதைப் பிரதி எடுத்தலாகக் கருதுவோர் உளர். இது தவறு. ஒரு கருவியில் தவறுதலாக அழித்த குறி ஏனைய கருவிகளிலிருந்தும் அழிந்துவிடும். மேலும், சேவைகள் என்றும் நிலைப்பனவல்ல. கூகுள் நிறுவனம் தனியே நடத்திவந்த புத்தகக்குறிச் சேவை 2021-ல் நிறுத்தப்பட்டது.

எச்.டி.எம்.எல். பிரதியை மீண்டும் உலாவியில் சேர்க்கும்பொழுது, ஏற்கெனவே உள்ள குறிகள் நீங்குவதில்லை. ஒரே குறி இருமுறை தோன்றலாம். அக்கோப்பை எவரும் திறந்து படிக்க இயலுமாதலால், பொதுக் கணினியில் அதனை விட்டுச் செல்லுதல் கூடாது.

மாதந்தோறும் முதல் வேலைநாளில் இப்பணிக்குச் சில நிமிடங்களை ஒதுக்கினால் போதும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிரதியை வேறொரு கணினியில் திறந்து சோதித்தல் அவசியம். திறந்து பார்க்காத பிரதியை நம்பி இருத்தல், விதையின் முளைப்புத் திறனைச் சோதியாமல் விதைப்பதற்கு ஒப்பாகும்.